வச்சிரன் முகமூடியைக் கழற்றிய மாதம்

பெற்ற தாயிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றிய பெருமை, தெரிந்தவரையில், தீப்பாறைப்பட்டி வச்சிரனுக்கு மட்டும்தான் உண்டு. அதுவும் ஒரு தடவையல்ல, இரண்டு தடவை.

முதல் தடவை நடந்தது பள்ளிக்கூட வாசலில், சாயங்கால மணி அடித்த கையோடு. இரண்டாம் வகுப்புப் படிக்கும் ரிதன்யா புத்தகப் பையை ஒரு தோளில் தொங்கவிட்டபடி ஓடி வந்தாள். எதிரே அவள் அம்மா சங்கரகோமதி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் தொம்மென்று வந்து குதித்தது, ஊர்க்காவலுக்கென்று புதிதாக வந்திருந்த இயந்திரம். நீலச் சட்டை, மஞ்சள் அங்கி, வெள்ளி முகமூடி, மார்பில் இடி முத்திரை. படக்கதைப் புத்தகத்தில் இருக்கிற வச்சிரனை ஒரு நூல் பிசகாமல் செய்து அனுப்பியிருந்தார்கள். அது பிள்ளையை அள்ளித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, மற்றொரு கையைக் கோமதியை நோக்கி நீட்டியது.

"நில், கரிமுகா! உன் ஆட்டம் இன்றோடு முடிந்தது!"

"அது எங்கம்மா!" என்று தோளிலிருந்து கத்தினாள் ரிதன்யா.

"குழந்தாய், அவன் மாயத்தில் நீ மயங்கியிருக்கிறாய். அஞ்சாதே!"

அப்படிச் சொல்லிவிட்டுக் கோமதியை மதிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்தது. முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. கூடியிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள், பெரியவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விட்டுருப்பா, அவங்க நம்ம ஊர்க்காரங்கதான்" என்று சொன்ன பிறகே பிடி தளர்ந்தது.

கோமதிக்கு முகத்தின் இடப்பக்கம் முழுக்க வெந்து ஆறிய தோல். பத்தொன்பது வயதில் பட்டாசு ஆலையில் பட்டது. தீப்பாறைப்பட்டியில் அது ஓர் அதிசயமே இல்லை. பட்டாசை நம்பிப் பிழைக்கிற ஊர் அது. தெருவுக்கு ஒரு முகமாவது அப்படி இருக்கும், ஊரும் அதையெல்லாம் பார்த்துப் பழகிப்போயிருந்தது. புதிதாக வந்த காவலாளிக்குத்தான் பழக்கமில்லை.

இரண்டாம் தடவை ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளே கூட வந்து, இவள்தான் பிள்ளையின் தாய் என்று எடுத்துச் சொன்னார். தலைமையாசிரியையையும் வசியம் செய்துவிட்டாயா என்று கேட்டது வச்சிரன். அதற்குமேல் அவர் என்ன செய்வார், பாவம். மறுநாளிலிருந்து கேட்டுக்குப் பெரிய பூட்டாகப் போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெளியே விட்டார். ரிதன்யாவைப் பக்கத்து வீட்டுக்காரி கூட்டிவந்தாள். கோமதி தெருமுனையிலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பெற்ற பிள்ளையின் கையைத் தெருவில் பிடித்து நடக்க முடியவில்லை. அந்த ஒன்றுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மற்றவர்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தழும்பு விழுந்த ஆண்கள் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டார்கள், பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். முகம் தெரியாவிட்டால் இயந்திரம் கண்டுகொள்ளாது. பேருந்து நிலையத்தில் அதன் பிடியில் ஒருவருக்குக் காறையெலும்பு விலகிப் போனதிலிருந்து எல்லோரும் ரொம்பவே கவனமாகிவிட்டார்கள். ஊரில் திருட்டு குறைந்துவிட்டது, இதைப் போய்ப் பெரிதுபண்ணலாமா என்றார்கள் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்த ஆலை முதலாளிகள். திருட்டு குறைந்தது உண்மைதான். ஊரில் பாதிப்பேர் திருடர்களைப் போல முகத்தை மூடிக்கொண்டு நடமாடியதும் உண்மைதான்.

கோமதி மூடிக்கொள்ளவில்லை. வேலைக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, இயந்திரத்தை அனுப்பிய கம்பெனி ஆளைப் பார்க்கப் போனாள்.

கம்பெனி ஊரில் ஒரு சின்ன அறை எடுத்திருந்தது. அதில் நிவேதிதா என்று ஓர் இன்ஜினியர், கோயம்புத்தூர்ப் பெண். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, மரியாதையாகத்தான் பேசினாள். அந்த மரியாதைதான் கோமதிக்கு எரிச்சலாக இருந்தது.

"அதுக்கு நல்லவன் கெட்டவன் யாருன்னு சொல்லிக்குடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

"மொதல்ல சட்டப் புத்தகத்தைத்தாங்க குடுத்தோம்" என்றாள் நிவேதிதா. "அதுல எதுக்கெடுத்தாலும் 'ஆனால்', 'இருப்பினும்'னு வருது. மெஷின் யோசிச்சுட்டே நின்னுடுங்க. பிக்பாக்கெட் அடிச்சவன் பஸ் ஏறிப் போயிடறான். அப்பறம்தான் வச்சிரன் வர்ற பருந்து காமிக்ஸ் மொத்தத்தையும் வாங்கிக் குடுத்தோம். நாப்பது வருசப் புத்தகம். அதுல யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு யாருக்குமே சந்தேகம் வராது. ரெண்டே நாள்ல கத்துக்கிச்சுங்க."

"எதை வச்சு?"

நிவேதிதா டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முகத்தை வச்சுத்தாங்க. வச்சிரனோட எதிரி கரிமுகன் வெந்த முகத்தோடதான் நூத்துக்கும் மேல புத்தகத்துல வர்றான்."

திருத்த முடியாதா என்று கேட்டதற்கு அவள் நீளமாக விளக்கினாள். தழும்பை மறக்கடித்துப் பார்த்தார்களாம், அது நிஜத் திருடனையும் சேர்த்து மறந்துவிட்டதாம். ஓரிடத்தில் கைவைத்தால் வேறிடத்தில் கோணிக்கொள்கிறதாம். அதனால் இனி வெளியிலிருந்து கைவைப்பதில்லை என்று முடிவு. மாதாமாதம் வருகிற புதுப் புத்தகத்தை மட்டும் படிக்கக் கொடுப்பார்கள். பிள்ளைகள் புத்தகத்தில் படிப்பதையே தெருவிலும் பார்க்க வேண்டும் என்று பருந்து காமிக்ஸோடு ஒப்பந்தம்.

"அது தன்னை யாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு?"

"வச்சிரன்னுதாங்க. புத்தகத்துல வச்சிரன் பண்ணுனது பூராம் தானே பண்ணுனதா நெனச்சுக்கும். அது நடிப்பு இல்லைங்க. அதுக்கு 'நான்'னா வச்சிரன்தான்."

பிறகு மேசைக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். மெல்லிய ரப்பரில் செய்த முகத்தோல். பழைய போட்டோ ஒன்று இருந்தால் அதே ஜாடையில் செய்து தருவார்களாம், இலவசமாக. போட்டிருப்பதே தெரியாதாம். கோமதி அதை எடுத்துத் தடவிப் பார்த்தாள். நன்றாகத்தான் செய்திருந்தார்கள்.

"தப்பாப் படிச்சது ஒங்க மெஷினு" என்றாள். "மூடிக்கிட்டுத் திரிய வேண்டியது நானா?"

டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

வந்துவிட்டாளே தவிர, வீட்டுக்குள் நுழைந்ததும் வீறாப்பெல்லாம் ஆட்டம் கண்டது. ரிதன்யா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அம்மா, நாளைக்கு மட்டும் ஷால் சுத்திக்கிட்டு வாயேன். மூஞ்சி தெரியாதுல்ல" என்றாள்.

கோமதி மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து இந்த முகத்தைத்தான் பார்த்திருக்கிறது. இந்தக் கன்னத்தில்தான் கன்னத்தை வைத்துத் தூங்கியிருக்கிறது. ஒருநாளும் அதில் ஒரு குறை இருப்பதாக அதற்குத் தோன்றியதில்லை. இன்று ஒரு தகர பொம்மை வந்து கற்றுக்கொடுத்துவிட்டது. சரி, சுற்றிக்கொண்டுதான் போவோமே, பிள்ளைதானே பெரிது என்று ஒரு நிமிஷம் நினைக்கவும் செய்தாள். திருப்பூரில் வேலைபார்க்கும் புருஷனைப் போனில் கூப்பிட்டால் அவனும் அதைத்தான் சொல்வான்.

மூலையில் மகளின் வச்சிரன் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. எல்லாம் கோமதி வாங்கிக் கொடுத்தவை. பாதி, அவளே சின்ன வயதில் படித்தவை. விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவளுக்குத் துணை வச்சிரன்தான். கரிமுகன் வருகிற பக்கங்களை மட்டும் புரட்டித் தள்ளிவிடுவாள். அன்று அந்தப் பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெந்த கன்னம், இழுபட்ட உதடு, இமையில்லாத கண். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதே நாலு கோடு. எதிர்ப்பக்கத்தில் வச்சிரன், வெள்ளி முகமூடியோடு. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்தின் நடுவில்தான் கேட்க ஒரு கேள்வியும் கிடைத்தது.

வச்சிரனை வரைகிற ஜெபராஜின் வீடு சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. அறுபது தாண்டிய மனுஷர், விரலெல்லாம் மசி. வாசலில் கோமதியைப் பார்த்ததுமே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டார். கூப்பிட்டவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"கரிமுகனுக்கு ஏன் அண்ணாச்சி வெந்த மூஞ்சி?"

"பாத்ததும் தெரியணும்ல தாயி. புத்தகமே முப்பத்திரண்டு பக்கம். கெட்டவன் ஏன் கெட்டவன் ஆனான்னு வெளக்கிக்கிட்டு இருந்தா, சண்டைக்கு எடம் எங்க இருக்கு? மூஞ்சியில நாலு கோடு இழுத்தாப் போதும், பிள்ளைக புரிஞ்சிக்கிரும்."

"நல்லாப் புரிஞ்சிக்கிருச்சு. என் பிள்ளை என்னைய ஷால் சுத்திக்கிட்டு வரச் சொல்லுது."

கோமதி கொண்டுவந்த புத்தகத்தை அவருடைய பலகைமேல் விரித்துப் போட்டாள்.

"கெட்டவன் மூஞ்சியத் தெறந்து போட்டுக்கிட்டு ஊரு முன்னால வாரான். நல்லவன் மூடிக்கிட்டு வாரான். நாப்பது வருசமா மூடிக்கிட்டே இருக்கான். அந்த முகமூடிக்குள்ள என்ன இருக்கு அண்ணாச்சி? ஒங்களுக்காச்சும் தெரியுமா?"

தெரியாது என்று அவர் ஒத்துக்கொண்டார். புத்தகத்தைத் தொடங்கிய முதலாளி போட்ட முதல் சட்டமே முகமூடியைக் கழற்றக்கூடாது என்பதுதான். கழற்றினால் வச்சிரன் யாரோ ஒருத்தனாகிவிடுவான், மூடியே இருந்தால் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் தன்னையே அதற்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் என்று அவர் சொல்வாராம். சொல்லிக்கொண்டே வந்த ஜெபராஜ் நடுவில் நிறுத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த மெஷினு, வச்சிரன்னா தான்தான்னு நெனைக்குதுன்னாங்களா?"

"அப்படித்தான் சொல்லுச்சு அந்தப் பொண்ணு."

"அப்ப முகமூடிக்குள்ள இருக்கிறது வெந்த மூஞ்சின்னு ஒரே ஒரு பக்கம் வந்தாப் போதும். நாப்பது வருசமும் மாறிப்போகும். இத்தனை நாளும் ஊரக் காப்பாத்துனவன் வெந்த மூஞ்சிக்காரன்தான்னு ஆயிரும்." தன் யோசனையைக் கேட்டு அவருக்கே பயம் வந்துவிட்டது. எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "என்னைய வேலையவிட்டுத் தூக்கிருவாங்க தாயி. ஒப்பந்தத்தையே முறிச்சிருவாங்க. வாசகங்க கிழிச்சுத் தொங்கப் போட்டுருவாங்க."

சாத்திய ஜன்னலைக் கோமதி திறந்தாள். வெயில் இடக் கன்னத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"வரைங்க" என்றாள். "இந்தத் தடவ பாத்து வரைங்க."

ஜெபராஜ் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். பென்சிலை எடுத்தார். வழக்கமான நாலு கோட்டை இழுத்தார், அழித்தார். மறுபடியும் இழுத்தார், மறுபடியும் அழித்தார். ஆறிய தோலில் எத்தனை மேடு பள்ளம் இருக்கிறது, சிரித்தால் எது நகர்கிறது, எது நகராது என்று பார்த்துப் பார்த்து வரைய அவருக்குப் பகல் முழுவதும் பிடித்தது. நடுவில் ஒருமுறை, இத்தனை வருஷமும் ஆளைப் பார்க்காமலே வரைந்துவிட்டேன் என்றார்.

வரைகிறபோதே வச்சிரனுக்கு முகம் எப்படி வெந்தது என்று ஒரு கதை வேண்டியிருந்தது. கோமதி தன்னுடையதைச் சொன்னாள். மருந்து அடைக்கிற அறைக்கு இரண்டு கதவு. ஆட்கள் அடிக்கடி வெளியே போய் நேரத்தைக் கழிக்கிறார்கள் என்று போர்மேன் பின்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். முன்கதவுப் பக்கம் தீப்பிடித்தது. உள்ளே இருந்த நாலு பேரும் பின்கதவுக்கு ஓடி அதைத் தட்டினார்கள். வெளியே ஆள் இருந்தது, சாவி இல்லை. இரண்டு பேர்தான் பிழைத்தார்கள். இன்றைக்கும் அந்த ஆலைகளில் பின்கதவுகள் பூட்டித்தான் கிடக்கின்றன என்றாள்.

ஜெபராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மாதத்துக் கெட்டவன் அந்த ஆலை முதலாளிதான் என்று சொல்லிப் பரபரவென்று கிறுக்கினார். முறுக்கு மீசை, சரிந்த தொப்பை, கழுத்தில் புலிநகச் சங்கிலி, தங்கப் பல். பார்த்ததுமே பற்றிக்கொண்டு வருகிற முகம். அச்சு அசல் வில்லன்.

"இது வேண்டாம்" என்றாள் கோமதி.

"ஏன் தாயி? ஒன்னைய எரிச்சவன் இவன்தான?"

"எங்க தெருவுல தமிழ் வாத்தியாருக்கும் இதே மீசைதான், இதே தொப்பைதான். நாளைக்கு அவரு பிள்ளைகிட்டப் போனா அது அவரை மதில்ல வச்சு நசுக்கும். நான் மூஞ்சிய மூடாமத் தப்பிச்சுக்கிட்டு, இன்னொருத்தரை மூடச் சொல்லவா வந்தேன்?"

கெட்டவன் இல்லாமல் வச்சிரன் கதை எப்படிச் செய்வது, யாரை அடிப்பது என்று தலையில் கைவைத்துக்கொண்டார் ஜெபராஜ்.

"பூட்டை வரைங்க" என்றாள் கோமதி. "மூஞ்சியே வேண்டாம். பூட்டிக் கெடக்கிற கதவு, உள்ள ஆளு. அதான் கெட்டது. அது யாரு கையில இருந்தாலும் கெட்டதுதான்."

அந்த மாதப் புத்தகத்தில் சண்டையே இல்லை. முதல் பக்கத்தில் ஒரு பூட்டு, பக்கம் முழுக்க. நடுப்பக்கத்தில் வச்சிரன் முகமூடியைக் கழற்றி, இதுதான் என் முகம் என்கிறான். கடைசிப் பக்கங்களில் ஊர் ஊராகப் போய்ப் பூட்டுகளைப் பிடுங்கி எறிகிறான். ஜெபராஜ் ஒரு பக்கத்தையும் பருந்து காமிக்ஸ் முதலாளியிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டார். கடைக்கு வந்த அன்றைக்கே வசை மழை. நாற்பது வருஷ வாசகர்கள் குய்யோ முறையோ என்று கத்தினார்கள். ஏமாற்றிவிட்டான் என்றார்கள், வச்சிரனை அசிங்கப்படுத்திவிட்டான் என்றார்கள். அவரை மறுநாளே வேலையைவிட்டு அனுப்பினார்கள். ஆனால் புத்தகம் வெளிவந்துவிட்டது. இயந்திரம் அதைப் படித்தும் முடித்துவிட்டது.

இயந்திரம் படித்து முடித்த அன்று சாயங்காலம் கோமதி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். தலையைப் படிய வாரி, பூ வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவின் நடுவில் நடந்தாள். வாசலில் பெற்றோர் கூட்டம். தலைப்பால் முகத்தை மூடிய இரண்டு பெண்கள் ஓரமாக நின்றார்கள். நிவேதிதாவும் வந்திருந்தாள். அவள் கையிலிருந்த போன் விடாமல் அடித்தது, அவள் எடுக்கவில்லை. பூட்டிய கேட்டின் உள்ளே பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கம்பிகளுக்கிடையில் ரிதன்யாவின் முகம் தெரிந்தது.

வச்சிரன் பள்ளிக்கூட மாடியிலிருந்து குதித்து கோமதிக்கு நேரெதிரே நின்றது. கூட்டம் பின்வாங்கியது. அவளுக்குச் சிராய்த்த முழங்கை தானாக வலித்தது. ஆனாலும் அடியெடுத்து முன்னால்தான் வைத்தாள்.

"தள்ளு" என்றாள். "எம்பிள்ளைய நான் கூட்டிட்டுப் போகணும்."

இயந்திரம் அவள் முகத்தையே பார்த்தது. கையைத் தூக்கியது. தூக்கிய கை அவள் பக்கம் வரவில்லை, தன்னுடைய வெள்ளி முகமூடிக்குப் போனது. இடக் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்தது. பிறகு முகமூடியின் ஓரத்தைப் பிடித்துப் பிய்த்து இழுத்தது. உள்ளே தகடும் கம்பியும்தான் இருந்தன, முகம் என்று ஒன்றும் இல்லை. அது அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"நீயும் நானும் ஒரே முகம்" என்றது.

இயந்திரம் திரும்பிக் கேட்டைப் பார்த்தது. பூட்டு, உள்ளே பிள்ளைகள்.

"பூட்டே! உன் ஆட்டம் இன்றோடு முடிந்தது!"

ஒரே இழுப்பில் பூட்டோடு தாழ்ப்பாளும் பிய்ந்து வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அலறினார். அவர் அலறல் முடிவதற்குள் ரிதன்யா ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஓரத்தில் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி தலைப்பை விலக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மற்றவளும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விலக்கினாள்.

வச்சிரன் பூட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, ஊருக்கு வெளியே ஆலைகள் இருக்கிற பக்கமாக நீண்ட எட்டு வைத்து நடக்கத் தொடங்கியிருந்தது. அங்கே இன்னும் வேலை முடிந்து மணி அடித்திருக்கவில்லை. கூட்டத்தில் யாரோ ஆலை முதலாளிக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, வச்சிரன் எங்கம்மா போறான்?"

"பின்கதவுக்கு" என்றாள் கோமதி. பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துத் தெருவில் நடந்தாள்.